போர் அகதிக்குக் குடியுரிமை: எப்போது, எப்படி?

போருக்குத் தப்பி வந்தவருக்கு முதலில் தேவை அடைக்கலம். ஆனால் அது அரசின் கருணையில் நிற்பது. அரசு நினைத்தால் மாற்றலாம், நிறுத்தலாம். வாக்களிக்கவும் பாஸ்போர்ட் எடுக்கவும் அரசு வேலைக்குப் போகவும் குடியுரிமை வேண்டும். அடைக்கலம் தந்த நாடு குடியுரிமையும் தர வேண்டுமா? தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழ் அகதிகளின் நிலையைப் பார்த்தால் விடை தெளிவாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அகதிகள் குடியுரிமை பெற நாடுகள் இயன்றவரை வழிசெய்ய வேண்டும் என்கிறது 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை. இங்கே அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை.

இலங்கையில் 1983 ஜூலையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பிறகு பல கட்டங்களாக வந்தவர்களில் ஏராளமானோர் விசா இல்லாமல் படகேறியவர்கள். இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, உரிய ஆவணமின்றி வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி'. எத்தனை ஆண்டுகள் இங்கே வாழ்ந்தாலும் அவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த குறிப்பிட்ட மதத்தினருக்கு விலக்கு அளித்தது. இலங்கை அதில் இல்லை.

இங்கேயே பிறந்த பிள்ளைகள்?

1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு விதி இன்னும் இறுகியது. ஆகவே ஒரே முகாமில், அகதிப் பெற்றோருக்கு 1986இல் பிறந்த அக்கா இந்தியர். 1988இல் பிறந்த தம்பி இந்தியர் அல்லர். மண்டபம் அகதிகள் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண், நீதிமன்றம் சென்று பாஸ்போர்ட் பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தார்.

மறுப்புகள்

'குடியுரிமை கொடுத்தால் ஊர் திரும்பும் உரிமை போய்விடும்' என்பது நியாயமான கவலை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அதனால்தான் முடிவை அகதியிடமே விட வேண்டும். திரும்ப விரும்புவோருக்கு ஆவணங்களும் பாதுகாப்பான பயணமும், தங்க விரும்புவோருக்குக் குடியுரிமையும் கிடைக்க வேண்டும்.

'நாடு சுமை தாங்காது' என்போர் தான்சானியாவைப் பார்க்கலாம். 1972இல் புருண்டியிலிருந்து தப்பி வந்தவர்களிலும் அவர்களது வாரிசுகளிலும் சுமார் 1,62,000 பேருக்கு அந்த நாடு 2014இல் குடியுரிமையை உறுதிசெய்தது. பல பத்தாண்டுகளாக அங்கே உழுது விளைவித்தவர்கள் அவர்கள். இந்தியாவைவிட எவ்வளவோ சிறிய பொருளாதாரம் தான்சானியாவுடையது.

என்ன செய்யலாம்?

2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவுபெற்ற இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து 2025இல் ஒன்றிய அரசு விலக்கு அளித்தது. நல்ல தொடக்கம், ஆனால் இது குடியுரிமை ஆகாது. பதிவுபெற்ற அகதிகளைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வரையறையிலிருந்து நீக்குவது அடுத்த படி. இங்கே பிறந்து வளர்ந்தவர்களின் விண்ணப்பங்களை முதலில் ஏற்க வேண்டும். வந்த அன்றே குடியுரிமை கொடுக்கும்படி யாரும் கேட்கவில்லை. நாற்பது ஆண்டுகள் கடந்தும் விண்ணப்பிக்கவே வழியில்லை என்பதுதான் அநீதி.