கறுப்பு வெள்ளை பிலிமை வீட்டில் கழுவுதல்

ஒளி பட்ட பிலிமில் மறைந்திருக்கும் படத்தை வேதிக் கரைசல்களின் உதவியால் நெகட்டிவாக வெளிக்கொணர்வது ‘பிலிம் கழுவுதல்’ எனப்படுகிறது. ஸ்டுடியோக்காரர்கள் வழங்கிய சொல் இதுதான். ‘உருத்துலக்கல்’ என்பது நூல் வழக்கு. கறுப்பு வெள்ளை பிலிமைக் குளியலறையிலேயே கழுவிவிடலாம். ஆனால் கெட்டுப்போன சுருளை மீண்டும் கழுவ முடியாது. சென்னைப் பக்கத்தில் அதைக் கெடுப்பது பெரும்பாலும் வெயில்தான்.

தமிழ்நாட்டுக்கும் பிலிமுக்கும் பழைய உறவு உண்டு. 1960-இல் உதகமண்டலத்தில் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் தயாரித்தது. அது மூடப்பட்டுவிட்டதால் இன்று கிடைப்பவை பெரும்பாலும் வெளிநாட்டுச் சுருள்களே. விலை அதிகம் என்பதால் கவனமும் அதிகம் வேண்டும்.

நடப்பது என்ன?

பிலிமின் மீது ஜெலட்டின் பூச்சில் சில்வர் புரோமைடு துகள்கள் பதிந்துள்ளன. ஒளி பட்ட துகள்களை டெவலப்பர் கறுப்பான வெள்ளி உலோகமாக மாற்றுகிறது. ஒளி படாதவற்றை ஃபிக்ஸர், அதாவது ஹைப்போ, கரைத்து நீக்குகிறது. இடையில் நீர்த்த அசெட்டிக் அமிலம் டெவலப்பரின் வேலையை நிறுத்துகிறது.

சுருளை டேங்கினுள் ஏற்றும்போது முழு இருட்டு தேவை. திரைப்படங்களில் காட்டும் சிவப்பு விளக்கு பிரிண்ட் போடும் தாளுக்கு உரியது; இன்றைய பிலிம்களில் பெரும்பாலானவை சிவப்பு ஒளியிலும் பாழாகும். கை வியர்த்தால் பிலிம் பிளாஸ்டிக் ரீலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் இரவில் ஏற்றுவது நல்லது. டேங்கை மூடியபின் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

வெப்பநிலை

பிலிம் பெட்டிகளில் அச்சிட்ட நேரங்கள் பொதுவாக 20 டிகிரி செல்சியஸுக்கு உரியவை. ஆவடிப் பகுதியிலுள்ள சேக்காடு போன்ற ஊர்களில் கோடையில் மாடித் தொட்டித் தண்ணீர் எளிதாக 30 டிகிரியைத் தாண்டும். சூடு கூடினால் டெவலப்பர் வேகமாக வேலை செய்யும். இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் பிலிமுக்கு, நீர் கலக்காத டி-76 டெவலப்பரில் 20 டிகிரியில் 7½ நிமிடம் ஆகும். 24 டிகிரியில் ஏறக்குறைய 5¼ நிமிடமே போதும். அதற்கும் மேல் சூடானால் நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே போய், படம் திட்டுத்திட்டாக அமையும். ஜெலட்டினும் உப்பி மென்மையாகி எளிதில் கீறல்படும்.

இதற்கு வழி எளியது. அகலமான பிளாஸ்டிக் டப்பில் தண்ணீரும் ஐஸ் கட்டியும் இட்டு, கரைசல் பாட்டில்களை அதில் நிறுத்த வேண்டும். ஐஸைக் கரைசலுக்குள் போடக் கூடாது. அது உருகிக் கரைசலை நீர்த்துவிடும். தெர்மாமீட்டர் 20 டிகிரியைக் காட்டியதும் பாட்டிலை எடுத்துவிடலாம். டெவலப்பரை மட்டும் குளிர்வித்து, கழுவும் தண்ணீரைக் குழாயிலிருந்து அப்படியே பிடிப்பதே பலர் செய்யும் தவறு. எல்லாக் கரைசல்களும் கழுவும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். திடீர் மாற்றத்தில் ஜெலட்டின் சுருங்கி நுண்வெடிப்பு விழக்கூடும். டி-76 தூளை வெந்நீரில் கரைக்க வேண்டியிருப்பதால் முந்தின நாளே கலக்கி ஆறவிடுவது வழக்கம். ஹைப்போ படிகங்களோ கரையும்போதே தண்ணீரைக் குளிரச் செய்யும்.

கழுவலும் உலர்த்தலும்

ஃபிக்ஸரில் வைக்க வேண்டிய நேரத்தை அறிய, பிலிமின் வெட்டிய நுனித்துண்டு ஒன்றை முதலில் அதில் இட்டு, அது தெளிவாக எவ்வளவு நேரமாகிறது எனப் பார்க்கலாம். அதன் இரு மடங்கு போதும். பிறகு குழாயைத் திறந்துவிட வேண்டியதில்லை. டேங்கில் தண்ணீர் நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டி, புதுத் தண்ணீரில் 10 முறை, மீண்டும் மாற்றி 20 முறை கவிழ்க்கும் இல்ஃபோர்டு முறை, தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள வீடுகளுக்கு ஏற்றது.

போர்வெல் தண்ணீரின் உப்பு உலர்ந்தால் நெகட்டிவில் வெள்ளைப் புள்ளிகள் விழும்; எனவே கடைசி அலசலை ஆர்.ஓ. அல்லது காய்ச்சி வடித்த நீரில் செய்வர். பிறகு மின்விசிறி ஓடாத அறையில், அடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட வேண்டும். மழைக்காலத்தில் உலர நேரமாகும். உலர்ந்த நெகட்டிவைச் சிலிக்கா ஜெல் பையுடன் வைத்தால் பூஞ்சை பிடிப்பது குறையும்.

மெட்டால் சிலருக்குத் தோல் அரிப்பு தரும் என்பதால் கையுறை தேவை. பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி கலந்திருப்பதால் அதைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது.