இருபது பைட் பேக்கப்

உங்க பேக்கப் ஃபோல்டரைக் கடைசியா எப்போ திறந்து பார்த்தீங்க? நான் திறந்தது, எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டேட்டாபேஸில் ஒரு டேபிளைத் தெரியாம ட்ராப் பண்ணின அன்னைக்கு. உள்ளே 8 ஃபைல், தேதி போட்டு வரிசையா இருந்துச்சு. ஒவ்வொண்ணும் 20 பைட்.

நான் எழுதியிருந்த ஷெல் ஸ்கிரிப்ட் மொத்தமே மூணு வரி. தினமும் ராத்திரி 2 மணிக்கு க்ரான் அதை ஓட்டும். 'மைஎஸ்க்யூஎல்டம்ப்' டேட்டாவை வெளியே எடுக்கும். பைப் வழியா 'ஜிஜிப்' அதை வாங்கிச் சுருக்கி சேமிக்கும். அப்புறம் 'ஃபைண்ட்' பழைய ஃபைல்களை அழிக்கும். டிஸ்க் நிறையாம இருக்க இந்த ரொட்டேஷன் வேணும். ஃபைண்டில் 'எம்டைம் ப்ளஸ் 7' என்று கொடுத்தால் முழுசா 8 நாள் ஆனதுதான் அழியும். 8 ஃபைல் மிஞ்சியது அதனால்தான்.

நடந்தது இதுதான். ரெண்டு வாரம் முன்னாடி டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாத்தினேன், ஸ்கிரிப்டில் மாத்த மறந்துட்டேன். டம்ப் உள்ளேயே நுழைய முடியாம ஒண்ணும் அனுப்பலை. ஜிஜிப் அந்த ஒண்ணுமில்லாததையும் கடமையா சுருக்கி, தன்னோட ஹெடர், ட்ரெய்லர் மட்டும் சேர்த்து 20 பைட்டா எழுதி வெச்சிடுச்சு. பைப்பில் கடைசி கமாண்ட் ஜெயிச்சாலே மொத்தமும் ஜெயிச்சதாத்தான் ஷெல் எடுத்துக்கும். எரர் வந்தால் க்ரான் மெயில் அனுப்பப் பார்க்கும். அந்த மெஷினில் மெயிலே செட்டப் பண்ணலை. தினம் ஒரு வெத்து ஃபைல் உள்ளே வந்தது, தினம் ஒரு நல்ல ஃபைல் வெளியே போனது.

இப்போ எழுதியிருக்கிறது வேற மாதிரி. ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே பாஷ் என்று சொல்லிடுறேன், ஏன்னா உபுண்டுவில் வெறும் 'எஸ்எச்' என்றால் டாஷ். அடுத்து 'பைப்ஃபெயில்' ஆப்ஷனை செட் பண்றேன். பைப்பில் எந்தக் கமாண்ட் தோத்தாலும் தோல்வின்னு தெரிஞ்சிடும். புது பேக்கப்பை முதலில் ஒரு தற்காலிகப் பெயரில், அதே ஃபோல்டரில் எழுதணும். எழுதினதும் 'ஜிஜிப் மைனஸ் டி' போட்டு டெஸ்ட் பண்ணினா போதும்னு நினைக்காதீங்க. அந்த 20 பைட் ஃபைலும் அதில் பாஸ் ஆகும்! விரிச்சு, கடைசி வரியைப் பாருங்க. டம்ப் முழுசா முடிஞ்சிருந்தா 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று அங்கே எழுதியிருக்கும். அதை 'க்ரெப்' கண்டுபிடிச்சா மட்டும் 'எம்வி' போட்டு நிஜப் பெயருக்கு மாத்தணும்.

அழிக்கிறது இதுக்கெல்லாம் அப்புறம்தான். அதுவும் வயசை வெச்சு இல்ல, எண்ணிக்கையை வெச்சு. செமஸ்டர் லீவில் மெஷின் ரெண்டு வாரம் ஆஃப்ல கிடந்தா, ஆன் பண்ணின ராத்திரியே பழைய பேக்கப் எல்லாம் வயசாகி அழிஞ்சிடும். பெயரில் வருஷம், மாசம், தேதின்னு அந்த வரிசையில் போட்டா அகர வரிசையே கால வரிசை; புதுசு 7 விட்டுட்டு மீதியை அழிச்சா போதும். அழிக்கிறதுக்கு முன்னாடி பேக்கப் ஃபோல்டருக்கு 'சிடி' பண்ணுவீங்க இல்லையா, அது தோத்தா ஸ்கிரிப்ட் அங்கேயே நிக்கணும். இல்லைன்னா 'ஆர்எம்' வேற ஃபோல்டரில் ஓடும்.

இன்னொண்ணு: தேதி எடுக்கிற கமாண்டை க்ரான்டேப் வரியிலேயே எழுதாதீங்க. அங்கே சதவீதக் குறியைப் புது வரின்னு எடுத்துக்கும். ஸ்கிரிப்டுக்குள்ளே எழுதினா பிரச்சினை இல்லை.

அந்த டேபிளா? டீம் மேட் லேப்டாப்பில் மூணு வார பழைய காப்பி ஒண்ணு இருந்துச்சு. மீதியை ரெண்டு ராத்திரி உக்காந்து கையால டைப் பண்ணினோம். இப்போ ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒரு பேக்கப்பை எடுத்து டெஸ்ட் டேட்டாபேஸில் ஏத்திப் பார்க்கிறேன்.