சோலார் பம்புசெட்டுக்குத் தேவை வெயிலின் சூடா, வெளிச்சமா?

மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரப் பல நாட்கள் ஆகும். அதனால் டெல்டாவில் பலர் ஆழ்துளைக் கிணற்றை நம்பியே குறுவைக்கு நாற்று விடுகிறார்கள். இலவச மின் இணைப்புக்குக் காத்திருந்து, அதுவரை டீசல் என்ஜினில் இறைப்பவர்களுக்கு சோலார் பம்புசெட் நல்ல மாற்று. ஆனால் "வெயில் கொளுத்துகிறது, மின்சாரம் கொட்டும்" என்று நினைத்து வாங்கக் கூடாது.

சோலார் தகடு மின்சாரம் எடுப்பது வெளிச்சத்திலிருந்து, சூட்டிலிருந்து அல்ல. லடாக்கில் உள்ள லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே தண்ணீர் உறைந்துவிடும். ஆனாலும் மேகம் குறைந்த தெளிவான வானம் என்பதால், சோலார் மின்சாரத்துக்கு நாட்டிலேயே சிறந்த இடங்களில் அதுவும் ஒன்று. குளிர் அங்கே தகட்டுக்கு உதவியே செய்கிறது.

தகட்டின் திறன் 25 டிகிரி வெப்பநிலையில் கணக்கிடப்படுகிறது. அதற்கு மேல் தகடு சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். தஞ்சாவூரில் சித்திரை மதியத்தில் தகடு 65 டிகிரி வரை சூடாகலாம். அப்போது 100 வாட் தர வேண்டியது 85 வாட் அளவுக்கு இறங்கிவிடும். வானம் தெளிந்த தை, மாசியில் இந்த இழப்பு குறைவு.

கவனிக்க வேண்டியவை:

காற்றோட்டம்: தகட்டுக்கு அடியில் காற்று தாராளமாகப் போய்வர வேண்டும். அடியில் வைக்கோல், சாக்கு அடுக்க வேண்டாம்.

நிழல்: மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். 40 அடி தென்னையின் நிழல் அப்போது நண்பகலிலேயே வடக்கே சுமார் 27 அடி நீளும்; காலை, மாலையில் இன்னும் நீளும். தெற்கே மரம் இல்லாத இடமாகப் பாருங்கள். ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் மொத்த உற்பத்தி குறையும்.

சாய்வு: தகடு தெற்கு நோக்கி சுமார் 11 டிகிரி சாய்ந்திருந்தால் போதும்.

சுத்தம்: தூசியையும் பறவை எச்சத்தையும் அதிகாலையில் கழுவுங்கள். உச்சி வெயிலில் சூடான கண்ணாடியில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

அடித்தளம்: 2018 கஜா புயலை மறக்க முடியாது. தாங்கு கம்பிகளுக்குக் கான்கிரீட் அடித்தளம் உறுதியாக இருக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் கருமேகம் மூடிய நாட்களில் உற்பத்தி மிகவும் இறங்கிவிடும். மோட்டார் ஓடாமலும் போகலாம். பாசனத்துக்கு அப்போது மழையும் ஆற்றுத் தண்ணீரும் இருக்கும். ஆனால் சம்பா வயலில் மழைநீர் தேங்கினால், ஆழ்துளைக் கிணற்றில் இறக்கிய சோலார் மோட்டாரால் அதை வெளியேற்ற முடியாது. எனவே பழைய டீசல் என்ஜினை விற்றுவிடாதீர்கள்.

தமிழ்நாட்டில் சோலார் பம்புசெட்டுகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் 60 சதவீத மானியம் வழங்கப்படுகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியின சிறு, குறு விவசாயிகளுக்குக் கூடுதல் மானியமும் உண்டு. கிணற்றின் ஆழம், நீர்மட்டம், பாசனப் பரப்பு ஆகிய விவரங்களுடன் உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகி, நடப்பு ஆண்டு விதிமுறைகளையும் பொருத்தமான குதிரைத்திறனையும் கேட்டறிந்து விண்ணப்பியுங்கள்.