உங்களுக்குத் தெரியுமா? டர்போ வந்தது, டீசல் செலவு குறைந்தது!

1990இல் லேண்ட் ரோவர் டிஃபெண்டருக்கு வந்த 200டிடிஐ டர்போ டீசல் இன்ஜின், டர்போ இல்லாத பழைய டீசல் இன்ஜினைவிடக் குறைவாகவே டீசல் குடித்தது. இரண்டும் ஒரே அளவு: 2,495 சிசி. சக்தியோ 68 குதிரைத்திறனிலிருந்து 107 ஆக உயர்ந்தது!

• பெருமை டர்போவுக்கு மட்டும் உரியதல்ல. சிலிண்டருக்குள் நேரடியாக டீசலைப் பீய்ச்சும் முறையும், டர்போ அழுத்தித் தரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் கைகொடுத்தன.

• சைலன்சர் வழியே வீணாகும் புகையின் ஆற்றலே டர்போவைச் சுழற்றுகிறது, நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல்!

• 3,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் கால் பங்கு குறைகிறது. டர்போ இல்லாத பழைய டீசல் ஜீப், ஏற்றத்தில் கரும்புகை கக்கும். அது பாதி எரிந்த டீசல். டர்போ கூடுதல் காற்றை அழுத்தித் தருவதால் டீசல் நன்றாக எரிகிறது.

• டர்போ பெட்ரோல் இன்ஜினில் கவனம் தேவை. ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால், பல இன்ஜின்களில் சூட்டைத் தணிக்கவே கூடுதல் பெட்ரோல் செலவாகும்.

• கிடைத்த சக்தியை எல்லாம் வேகமாக மாற்றினால், எந்த டர்போவாலும் மைலேஜைக் காப்பாற்ற முடியாது.