கிணற்று நீர்: நாக்கை மட்டும் நம்பாதீர்!

தர்மபுரி போன்ற வறட்சிப் பகுதிகளில் வீட்டுக்கும் வயலுக்கும் ஒரே கிணறுதான். நீர் கண்டதும் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்க்கிறோம். கரிக்காவிட்டால் நல்ல நீர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். இது தவறு.

உப்பை நாக்கு அறியும், ஃபுளோரைடை அறியாது. குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. மிகுந்தால் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும். நாளடைவில் மூட்டும் முதுகும் விறைக்கும். நீரைக் காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது.

பாசனத்திற்கு இரண்டைப் பார்க்கவேண்டும். முதலாவது, மொத்த உப்பைக் காட்டும் மின்கடத்தும் திறன். இது மீட்டருக்கு 0.75 டெசிசைமன் வரை இருந்தால் கவலையில்லை. 2.25-க்கு மேல் போனால், வடிகால் வசதியுள்ள நிலத்தில் பருத்தி போன்ற உப்பைத் தாங்கும் பயிரே ஏற்றது. இரண்டாவது, எஞ்சிய சோடியம் கார்பனேட். இது லிட்டருக்கு 2.5 மில்லி ஈக்விவலண்டுக்கு மேல் இருந்தால், நீர் கரிக்காவிட்டாலும் மண் களராகி இறுகும். ஜிப்சம் இட்டுச் சீர்செய்யலாம். எவ்வளவு என்பதை ஆய்வு முடிவைக் கொண்டே கணக்கிட வேண்டும்.

மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, அதே நீரில் கழுவிய பாட்டிலில் ஒரு லிட்டர் பிடியுங்கள். பாசனத்திற்கு மண் பரிசோதனை நிலையத்திலும், குடிப்பதற்குக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்திலும் தனித்தனியே கொடுங்கள். கோடையில் ஒருமுறை, மழைக்குப்பின் ஒருமுறை பார்ப்பது நல்லது. முடிவு வந்தபின் பயிரைத் தீர்மானியுங்கள்.