கண்ணுக்குச் சிக்காத 160

விருத்தாசலத்தில் பீங்கான் அகல் செய்யும் ஒரு பட்டறை, விற்பனைக் கணக்கை எக்ஸெல்லில் வைத்திருப்பதாகக் கொள்வோம். எந்த ஊருக்கு எவ்வளவு சரக்கு போனது என்று பிவட் டேபிளில் தொகுத்தால், வேப்பூர் இரண்டு வரிகளில் வந்து நிற்கிறது. பெரம்பலூர் மாவட்டத்திலும் ஒரு வேப்பூர் உண்டுதான். ஆனால் சரக்கு முழுவதும் போனது விருத்தாசலத்துக்கு மேற்கே, சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கும் வேப்பூருக்கு. கணக்கைத் தட்டியவர் சில இடங்களில் ஊர்ப்பெயரை அடித்துவிட்டு ஸ்பேஸ் பாரையும் ஒருமுறை தட்டியிருக்கிறார். அவ்வளவுதான்.

கணினிக்கு இடைவெளியும் ஓர் எழுத்து. அதன் எண் 32. சந்தேகம் வந்தால் எழுத்துகளை எண்ணும் லென் சூத்திரம் போட்டுப் பார்க்கலாம். நம் கண்ணுக்கு வேப்பூர் நான்கெழுத்து. யூனிகோடில் வகரம், ஏகாரக் குறி, பகரம், புள்ளி, பகரம், ஊகாரக் குறி, ரகரம், புள்ளி என்று 8. விடை 9 என்று வந்தால் எங்கோ ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எல்லாப் பழியும் தட்டச்சு செய்பவர் மேல் விழக்கூடாது. 1928-இல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையில் 80 பத்திகள். பெயருக்கு 20 பத்தி ஒதுக்கினால், எட்டெழுத்துப் பெயருக்குப் பின்னால் 12 பத்தி வெறுமையாகக் கிடக்கும். அந்த அளவுமாறாக் கட்ட முறை தரவுத்தளங்களிலும் தொடர்ந்தது. பழைய மென்பொருளிலிருந்து இறக்கிய பட்டியல்களில் பெயருக்குப் பின்னால் வால் நீள்வது இதனால்தான்.

வாலை நறுக்க ட்ரிம் சூத்திரம் போதும். முன்னும் பின்னும் உள்ளதை நீக்கி, நடுவில் இரண்டு மூன்றாக இருப்பதை ஒன்றாக்கிவிடும். ஆனால் அதற்குத் தெரிந்தது 32 மட்டுமே. இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது 160 என்ற எண்ணுள்ள வேறோர் இடைவெளி கூடவே வரும். ‘5’ ஒரு வரியிலும் ‘கிலோ’ அடுத்த வரியிலும் பிரிந்துவிடாமல் பிடித்துவைக்கப் பிறந்தது அது. இணையப் பக்கத்தில் நல்ல வேலை செய்கிறது. கணக்கில் கெடுதல் செய்கிறது.

பெயரில் ஒட்டினால் அதைத் தேடும் வி-லுக்அப் சூத்திரம் பிழை காட்டும், நாமும் விழித்துக்கொள்வோம். தொகையில் ஒட்டினால்தான் ஆபத்து. 1250-க்குப் பின்னால் 160 இருந்தால் எக்ஸெல் அதை எண்ணாகவே எடுத்துக்கொள்ளாது. சம் சூத்திரம் அந்தக் கட்டத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப்போய்விடும். கூட்டுத்தொகையில் 1250 குறையும், பிழைச் செய்தி எதுவும் வராது. கட்டத்தில் அந்த எண் வலப்பக்கம் ஒட்டாமல் இடப்பக்கம் ஒட்டி நிற்பது ஒன்றே அடையாளம். தொகைப் பத்தியை ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பார்க்காமல் கூட்டுத்தொகையை நம்பவே கூடாது என்பேன்.

தீர்வு எளிது. சப்ஸ்டிட்யூட் சூத்திரத்தால் 160-ஐ 32-ஆக மாற்றி, அதன்மேல் ட்ரிம் போட வேண்டும். தொகையாக இருந்தால் வேல்யூ சூத்திரத்தையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் சுத்தமான பிறகும் அது எழுத்தாகவே கிடக்கும்.

தமிழ்ப் பட்டியலில் கூடுதல் கவனம் தேவை. யூனிகோடில் 8204 என்று அகலமே இல்லாத ஓர் இணைப்புத் தடை உண்டு. க், ஷ இரண்டும் ஒட்டி ‘க்ஷ’ ஆகிவிடாமல் தனித்தனியே நிற்க அதை வேண்டுமென்றே இடுவார்கள். குப்பை என்று எல்லாவற்றையும் அழித்தால் லக்‌ஷ்மி என்று எழுதிய பெயரின் உருவமே மாறிவிடும். அதேபோல முதலெழுத்துக்கும் பெயருக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஒருவர் விட்டும் இன்னொருவர் விடாமலும் எழுதுவதை ட்ரிம் தீர்க்காது. அதனால் மூலப் பத்தியைத் தொடாமல், திருத்தியதைப் பக்கத்துப் பத்தியில் வைப்பதே நல்லது. ஊர்ப்பெயர்களுக்கு டேட்டா வேலிடேஷனில் ஒரு பட்டியல் கொடுத்துவிட்டால், அதிலிருந்து தேர்ந்தெடுத்தாலே போதும். தட்டச்சு செய்யவே வேண்டியதில்லை.