குக்கரும் எரிபொருள் சிக்கனமும்

உத்தியோகத்தின் பொருட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் குக்கர் தவறாமல் இடம்பெற்றிருக்கிறது. கோப்புகளை மொழிபெயர்ப்பதைத் தொழிலாகக் கொண்ட நாம் அதற்கு ‘அழுத்தக் கலன்’ என்று பெயரிடக்கூடும். ஆயினும் வீட்டு வழக்கில் அது குக்கர்தான். அதைக் கையாளும் முறையில் ஒரு சிறு திருத்தம் செய்துகொண்டால், குழந்தைகள் பள்ளிக்குப் புறப்படும் வேளையில் சிலிண்டர் தீர்ந்து அடுப்பு அணையும் நாளைச் சற்றுத் தள்ளிப்போடலாம்.

திறந்த பாத்திரத்தில் நீர் கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கொதிக்கிறது. பிறகு தீயை எவ்வளவு பெரிதாக்கினாலும் வெப்பநிலை உயராது. நீர் விரைந்து ஆவியாகும், அவ்வளவே. மூடியை இறுக்கி ஆவியை அடைத்துவைத்தால் அழுத்தம் மிகுந்து, வெப்பநிலை ஏறத்தாழ 120 டிகிரி வரை உயரும். அந்த வெப்பத்தில் பருப்பு மிக விரைவில் வெந்துவிடும். டெனி பாப்பின் என்ற பிரெஞ்சு அறிஞர் 1679-ஆம் ஆண்டில் லண்டனில் செய்துகாட்டிய கலனின் தத்துவமும் இதுவே.

மலையூர்களில் வாழ்வோர்க்கு இத்தத்துவம் இன்னும் நன்கு விளங்கும். சிம்லாவில் முதன்முதலாக அடுப்பு மூட்டுவோர், பருப்பு வேகவில்லையென்று கடைக்காரரை நொந்துகொள்வதுண்டு. குறை பருப்பில் இல்லை. உயரம் மிக மிகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஆகவே சிம்லாவில் நீர் சுமார் 93 டிகிரியிலும், லேயில் சுமார் 88 டிகிரியிலும் கொதித்துவிடுகிறது. அத்தகைய ஊர்களில் குக்கர் வெறும் வசதியன்று, இன்றியமையாத தேவை.

இனி, நாம் சொல்லவந்த திருத்தம். “மூன்று விசில் வரட்டும், நான்கு விசில் வரட்டும்” என்று பெருந்தீயில் காத்திருப்பது நம் வழக்கம். விசில் என்பது உணவு வெந்ததற்கு அறிகுறியன்று. மிகுதியான ஆவி வெளியேறும் ஓசையே அது. ஒரு லிட்டர் நீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரச் சுமார் 75 கிலோகலோரி போதும். அதே நீர் முழுவதையும் ஆவியாக்கவோ சுமார் 540 கிலோகலோரி வேண்டும். எனவே, ஒவ்வொரு விசிலிலும் நாம் விலை கொடுத்து வாங்கிய வெப்பமே வெளியே போகிறது.

ஆதலால் முதல் விசில் வந்தவுடன் தீயைச் சிறிதாக்கிவிட வேண்டும். விசிலை எண்ணாமல் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஊறவைத்த துவரம் பருப்புக்கு ஐந்து முதல் ஏழு நிமிடம் போதும். இரவு முழுதும் ஊறிய ராஜ்மாவுக்குப் பதினைந்து முதல் இருபது நிமிடம் ஆகும். அடுப்பை அணைத்த பின்னும் உள்ளிருக்கும் வெப்பம் தன் வேலையைத் தொடர்ந்து செய்யும். புளியைப் பருப்பு வெந்த பிறகே சேர்ப்பது நலம். புளிப்பு பருப்பை எளிதில் வேகவிடாது. அரிசி, பருப்பு, காய் மூன்றையும் அடுக்குப் பாத்திரங்களில் ஒருங்கே வைத்தால் ஒரே தீயில் சமையல் முடியும்.

சாதாரணப் பாத்திரத்தைவிடக் குக்கரில் அரிசிக்கு 20 சதவிகிதமும், ஊறவைத்த பருப்புக்கு 46 சதவிகிதமும் எரிபொருள் மீதமாகும் என்று பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் கூறுகிறது.

சிக்கனத்தினும் பெரிது பாதுகாப்பு. கலனில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பலாகாது. பருப்பு வகையாயின் பாதியே போதும். ஆவிக்குழாயில் அடைப்பு உண்டா என்று மூடுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும். இறுகிப்போன ரப்பர் வளையத்தையும், பழுதுற்ற பாதுகாப்பு வால்வையும் உடனே மாற்ற வேண்டும். அழுத்தம் முற்றும் தணியுமுன் மூடியைத் திறக்க முயல்வது பேராபத்து.

நாளை காலை முதல் விசில் கேட்டதும் அடுப்பண்டை சென்று தீயைக் குறைத்துப் பாருங்கள். பருப்பு வழக்கம்போலவே குழைந்திருக்கும். சிலிண்டரோ இன்னும் சில நாள் கூடுதலாக வரும்.